ஐந்து மைக்ரோலிட்டர்

பதிவேட்டில் ஒன்று என்று எழுதியிருந்தது. குழாயில் விட்டது ஐந்து. இடையில் இருந்த நாலு மைக்ரோலிட்டரைப் பற்றி அறிந்தவன் முத்திருளன் ஒருவன்தான். விட்டவனும் அவன், எழுதியவனும் அவன்.

நாலு மைக்ரோலிட்டர் என்பது குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய துளி. கையில் விழுந்தால் துடைக்கக்கூடத் தோன்றாது. ஆனால் அந்தத் துளிக்குள் இருந்த சரக்கு லேசுப்பட்டதல்ல. வெளிநாட்டில் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து, உலர்பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றி, மெட்ராஸ் சுங்கத்தில் இரண்டு நாள் கிடந்து, அங்கிருந்து ரயிலில் ஒருவர் மடியிலேயே உட்கார்ந்து மதுரைக்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு குப்பி. பேராசிரியர் கருத்தக்கண்ணன் அதை வெட்டு நொதி என்பார். மற்றவர்களுக்கு என்சைம்.

அது எண்பத்து மூன்றாம் வருடம், பங்குனி. மழை பொய்த்து வைகையில் மணல்தான் கிடந்தது. ஊரெல்லாம் மின்வெட்டு. நகரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முத்திருளனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கரன்ட் போய் ஒரு மணி நேரம் தாண்டினால், ஃப்ரீசரில் இருக்கும் என்சைம் பெட்டியை எடுத்துப் பெரிய ஃபிளாஸ்க்கில் வைத்து, சுற்றிலும் ஐஸ்கட்டியும் கல்லுப்பும் போட்டு நிரப்ப வேண்டும். ஐஸுக்கு மூன்று மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

முத்திருளனுக்கு இருபத்து நான்கு வயது. செல்லம்பட்டிப் பக்கம் ஊர். பகலில் ஆய்வகத்தில் தற்காலிக டெக்னீஷியன். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சிம்மக்கல்லில் மாலைக் கல்லூரி, பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். எதையும் ஒழுங்காகச் செய்வான், செய்ததை நம்பமாட்டான். பூட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். பஸ் நிறுத்தம்வரை போய்விட்டு நாலாவது முறை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவான். அன்றாடம் நடந்ததை டைரியில் எழுதுவான். எத்தனை குழாய், எந்தக் கரைசல், யார் என்ன கேட்டார்கள், தான் சொன்ன பதில் சரிதானா. இந்தக் கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லா நாளும் ‘சரியில்லை’ என்றுதான் எழுதியிருப்பான். இப்படிப்பட்டவன் எழுதுகிற ஆய்வகப் பதிவேடு எப்படி இருக்கும்? தராசு பொய் சொன்னாலும் முத்திருளன் எழுத்து பொய் சொல்லாது என்று அங்கே பேச்சு.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவளே ஆரிபாதான். பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். அவளுடைய அத்தா முகைதீன் பிச்சை சிம்மக்கல்லில் குடைக்கடை வைத்திருந்தார். “இந்த வருசம் எங்க கடைக்குள்ளயும் வறட்சிதான்” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் நிலக்கடலை வேர். வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கும். முடிச்சுக்குள் பாக்டீரியா இருக்கும். அதுதான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செக்கானூரணி, கருமாத்தூர், திருமங்கலம் என்று நாற்பது கொல்லைகளில் இறங்கிச் செடி பிடுங்கி, நாற்பது குழாய்களில் அந்த பாக்டீரியாவை வளர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் வளையமாக இருக்கும் ஒரு சின்ன டி.என்.ஏ.வை எடுத்து வெட்டிப் பார்ப்பாள். ஒரு கொல்லைக்கு மூன்று துண்டு வரும், இன்னொன்றுக்கு ஐந்து. கைரேகை மாதிரி. இரண்டு வருட உழைப்பு. செப்டம்பரோடு அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முத்திருளன், என்சைம் எப்படி இடம் பார்த்து வெட்டுகிறது என்று அவளிடம் கேட்டிருக்கிறான்.

“ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு வார்த்தை உண்டு முத்திருளன். டி.என்.ஏ.வுல இருக்கறது நாலே எழுத்து. ஏ, டி, ஜி, சி. அதையே மாத்தி மாத்தி ஆயிரக்கணக்குல எழுதியிருக்கு. எக்கோ ஆர் ஒன்ங்கற என்சைம் அதுமேல ஊர்ந்துக்கிட்டே போகும். ஜி ஏ ஏ டி டி சி, இந்த ஆறும் இதே வரிசையில வந்தா நின்னு வெட்டும். ஒரு எழுத்து மாறினாலும் தாண்டிப் போயிரும்.”

“அப்ப ஹின்ட் த்ரீ?”

“அதுக்கு ஏ ஏ ஜி சி டி டி. ஸ்மா ஒன்னுக்கு மூணு சி, மூணு ஜி. எங்க சாச்சா, அதான் சித்தப்பா, அவரு மாதிரின்னு வச்சுக்கங்க. கல்யாண வீட்டுல எம்புட்டு அயிட்டம் வச்சாலும் கறி போட்ட தாள்ச்சா இருந்தாத்தான் உக்காருவாரு. இல்லேன்னா வந்த வழியே போயிருவாரு.”

வெட்டுகிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு என்று அவள் படம் போட்டுக் காட்டினாள். டி.என்.ஏ. இரட்டை இழை. ஒரு இழையில் அந்த ஆறு எழுத்து இருந்தால், எதிர் இழையை மறுபக்கத்திலிருந்து படித்தாலும் அதே ஆறுதான் வரும். ஸ்மா ஒன் இரண்டு இழைகளையும் நேர் நடுவில் வெட்டி மொட்டையாக விட்டுவிடும். எக்கோ ஆர் ஒன் அப்படியல்ல. இந்த இழையில் முதல் எழுத்தை ஒட்டி வெட்டும், அந்த இழையில் அந்தப் பக்கத்து முதல் எழுத்தை ஒட்டி. அதனால் இரண்டு முனையிலும் நாலெழுத்து வால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஜோடி கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். எக்கோவுக்கு உப்பு நிறைய வேண்டும், முப்பத்தேழு டிகிரிச் சூடு வேண்டும். ஸ்மா ஒன்னுக்கு இருபத்தைந்து போதும். “மதுரையில இருபத்தஞ்சுக்கு எங்கிட்டுப் போறது?” என்றாள்.

முத்திருளன் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டான். பிறகு கேட்டான். “ரொம்பப் பசிச்சா உங்க சாச்சா என்ன செய்வாரு மேடம்?”

ஆரிபா வாய்விட்டுச் சிரித்தாள். “நல்லாக் கேட்டீங்க. பசி முத்துனா சாம்பார்லயும் கைய வைப்பாரு. இதுவும் அப்படித்தான். என்சைம் உறையாம இருக்கணும்னு பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்துதான் வரும். என்சைமை அளவுக்கு மீறி ஊத்தினா கிளிசரினும் கூடிப்போகும். கூடினா இதுக்குப் புத்தி பேதலிச்சிரும். ஆறு எழுத்துல நடு நாலு பொருந்தினாப் போதும்னு கண்ட இடத்துல வெட்டிரும். அதுக்கு ஸ்டார்னு பேரு. அதனாலதான் இருபது மைக்ரோவுக்கு ஒரே மைக்ரோ. மறந்துறாதீங்க.”

அவன் மறக்கவில்லை. சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். பின்னால் அவனைத் தின்றது அதுதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வழி இல்லை.

நடந்தது இப்படி. திங்கட்கிழமை நாலரை மணிக்குக் கரன்ட் போனது. அன்றைக்குக் கல்லூரியில் தேர்வு. அதைத் தவறவிட்டால் ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஐந்து மணிவரை பார்த்தான். வந்துவிடும் என்று நினைத்தான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

செவ்வாய் காலை வந்தபோது வராந்தாவில் இருந்த மின்சாரக் கடிகாரம் ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. கரன்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். அப்படியென்றால் இரவு முழுக்க விட்டுவிட்டு அத்தனை நேரம் கரன்ட் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தான். திரும்ப உறைய ஆரம்பித்திருந்த தண்ணீர் தட்டில் கிடந்தது. என்சைம் பெட்டி இன்னும் சரியாகக் குளிரவில்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பார்த்து என்ன தெரியப்போகிறது? செத்த என்சைமும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், உயிருள்ளதும் தண்ணீர் மாதிரிதான்.

பத்து மணிக்கு ஆரிபா வந்தாள். “முத்திருளன், இந்த எட்டு டி.என்.ஏ.வுக்கும் எக்கோ ஆர் ஒன் போட்டு வச்சிருங்க. கடைசி சரிபார்ப்பு. நான் லைப்ரரி போயிட்டு வாரேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். “சரி மேடம்” என்று எட்டையும் வாங்கிக்கொண்டான். அவள் போன பிறகு கணக்குப் போட்டான். ஒன்பது மணி நேர வெக்கையில் ஐந்தில் நாலு பங்கு செத்திருக்கும். ஆகவே ஐந்து மைக்ரோ விட்டால் ஒன்றுக்குச் சமம். கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. என்சைம் செத்தாலும் கிளிசரின் சாகாது என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. எட்டுக் குழாய்க்கும் ஐந்தைந்து விட்டான். பதிவேட்டைத் திறந்து, அளவு என்ற கட்டத்தில், தன் வழக்கமான குண்டு எழுத்தில், ஒன்று என்று எட்டு முறை எழுதினான்.

புதன்கிழமை காலை, வெட்டிய துண்டுகளை நீளவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் புற ஊதா விளக்கின்மேல் வைத்து ஆரிபா குனிந்து பார்த்தாள். மூன்று கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது பத்து. ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் எண்ண முடியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஏணிப்படி மாதிரி மேலிருந்து கீழ்வரை கோடுகள்.

பேராசிரியரைக் கூட்டி வந்தாள். முத்திருளன் பக்கத்துத் தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தான்.

“ஸ்டாரா இருக்குமோ சார்?” என்றாள்.

“எவ்வளவு என்சைம்?”

அவள் பதிவேட்டை எடுத்துப் பிரித்து நீட்டினாள். கருத்தக்கண்ணன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒண்ணு. அப்ப அது இல்ல. முத்திருளன் எழுதினா எழுதினதுதான்.”

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. முத்திருளன் கழுவின குடுவையையே திரும்பக் கழுவினான்.

“நாப்பதையும் புதுக்குழாய்க்கு மாத்தினது எப்ப?”

“ஜனவரியில சார். ஒரே நாள்ல.”

“அன்னைக்கே ஒண்ணோட ஒண்ணு கலந்துருச்சு. எட்டுல எட்டும் இப்படின்னா நாப்பதும் இப்படித்தான் இருக்கும்.”

“ஒருக்கா திருப்பிப் பாத்துரலாம் சார்.”

“குப்பியில எம்புட்டு இருக்கு முத்திருளன்?”

“பத்துப் பன்னெண்டு மைக்ரோ இருக்கும் சார்.” இது உண்மை. நாற்பது மைக்ரோவைக் கொட்டாமல் எட்டு மைக்ரோவோடு நிறுத்தியிருந்தால் நாற்பத்து நாலு இருந்திருக்கும். அவரும் சரி என்றிருப்பார்.

“அடுத்த குப்பி ஆகஸ்ட்ல. இத வச்சுக்கிட்டு எத்தனையப் பாக்குறது? கலந்த சரக்கைக் குளிர்பெட்டியில வச்சிருந்தா அடுத்தவங்க சரக்கும் கெட்டுரும். வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பதையும் ஆட்டோகிளேவ்ல போட்டு அழிச்சிருங்க. ஆடியில கடலை விதைப்பாங்க. மறுபடியும் சேகரிங்க.”

“செப்டம்பர்ல எனக்கு முடியுதே சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார். ஆரிபா ஜெல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முத்திருளனிடம் திரும்பி, “ஜனவரியில எனக்குக் காய்ச்சல் முத்திருளன். ஞாபகம் இருக்கா? அன்னைக்கே விட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கணும். பிடிவாதமா உக்காந்து மாத்தினேன். என் தப்புதான்” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலை முடிவோடுதான் வந்தான். படியேறும்போதே என்ன சொல்வது என்று வரிசைப்படுத்தியிருந்தான்: முதலில் கரன்ட், பிறகு தேர்வு, பிறகு ஐந்து. வராந்தாவில் அட்டெண்டர் சங்கிலி அவனைப் பிடித்துக்கொண்டான். ஆய்வகத்தில் பதினைந்து வருடமாக இருக்கிறவன். ஆவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் அவன் பொறுப்பு.

“மாப்ள, இனிப்பு எங்க?”

“என்னத்துக்குண்ணே?”

“தெரியாத மாதிரி நடிக்காத. பர்மனென்ட் லிஸ்ட்ல ஒம்பேரு மொதப் பேரு. ஆபீஸ்ல டைப் அடிக்கும்போது இந்தக் கண்ணால பாத்தேன். சார் கையெழுத்துதான் பாக்கி. இனிமே நீயும் எங்களாட்டம் தெனாவெட்டா லேட்டா வரலாம்.”

முத்திருளன் சிரித்தான். சிரித்த வாயோடு ஆய்வகத்துக்குள் போனான். ஆரிபா குழாய்ப் பெட்டியை மேசைமேல் வைத்து, நோட்டில் ஒவ்வொரு எண்ணாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். “மேடம்” என்றான். அவள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. “பேனா இருக்கா மேடம்?” என்று கேட்டான். சட்டைப்பையில் இரண்டு பேனா குத்தியிருந்தவன்.

அன்று மாலை வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் போட்டதெல்லாம் அவனுக்கு ஏணிப்படியாகத் தெரிந்தது. டைரியைத் திறந்தான், தேதி மட்டும் எழுதினான். அவள் அத்தா கடை இரண்டு தெரு தள்ளித்தான். போய், குடைகளுக்கு நடுவில் நின்று சொல்லிவிடலாமா என்று தெருமுனைவரை நடந்தான். கடைக்கு வெளியே முகைதீன் பிச்சை யாரிடமோ, “எம்மக செப்டம்பர்ல டாக்டராயிருவா, இன்ஷா அல்லா. ஊசி போடுற டாக்டர் இல்லப்பா, இது வேற” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முத்திருளன் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் வரும்போது ஆட்டோகிளேவ் அறையிலிருந்து ஆவி சீறுகிற சத்தம் கேட்டது. வெந்த கஞ்சி வாடை. சங்கிலி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, ஆவி இறங்கிய பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்தான். கம்பிக்கூடைக்குள் குழாய்கள், உள்ளே இருந்த பாக்டீரியா பழுப்பாக உருகிப்போயிருந்தது.

“எத்தனைண்ணே?”

“பதினெட்டு. ஒரு ஈடு. இந்தா, மிச்சம் இருபத்திரண்டு அடுத்த ஈடு.” இரண்டாவது கூடையை எடுக்கக் குனிந்தான்.

முத்திருளன் கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

“விடுப்பா, ஆவி அடிக்கும்.”

“வேணாம்ணே. போடாதீங்க.”

“ஏன், ஒனக்குப் பொரியலுக்கு வேணுமா?”

“நில்லுங்கண்ணே. நான் வர்றவரைக்கும் தொடாதீங்க. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.” சொன்னதோடு நிற்காமல் குனியவும் போனான். சங்கிலி பயந்துபோய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டான்.

ஆரிபா நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முத்திருளன் வாசலை மறித்து நின்றான். வரிசைப்படுத்தி வைத்தது எல்லாம் கலைந்துபோயிற்று. கடைசியில் வர வேண்டியது முதலில் வந்தது.

“அஞ்சு மைக்ரோ விட்டேன் மேடம்.”

“எதுல?”

“செவ்வாக்கிழமை. எட்டுக்கும்.”

“ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சே.”

“எழுதினது பொய்.”

அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோகிளேவ் அறைக்கு ஓடினாள். அவன் பின்னாலேயே போனான். அவள் வெந்துபோன குழாய்களின் எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பதினெட்டு. செக்கானூரணியும் கருமாத்தூரும் செல்லம்பட்டியும் போய்விட்டன.

“அல்லாவே” என்றாள். பிறகு, அவனைப் பார்க்காமல், “நேத்து ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சு மேடம். கரன்ட் போயிருச்சு. ஐஸ் வாங்கப் போகல. டெஸ்ட் இருந்துச்சு. என்சைம் செத்திருக்கும்னு நெனச்சு…”

“கரன்ட் போனா சொல்லணும். ஐஸ் வாங்கலேன்னா சொல்லணும். அதுக்கு யாரும் ஒங்களத் தூக்குல போட மாட்டாங்க. மொத நாளே எனக்கு ஸ்டார்னுதான் தோணுச்சு. என் கண்ணுல பட்டத நம்பாம ஒங்க எழுத்த நம்பினேன். எனக்குக் காய்ச்சல், நான்தான் கலந்துட்டேன்னு நேத்துப் பூராம் அழுதுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்க.”

சங்கிலி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். குப்பியில் இருந்த பன்னிரண்டு மைக்ரோவை வைத்து ஆரிபா தானே செய்தாள். எங்கே வெட்டினால் எத்தனை துண்டு வரும் என்று ஏற்கெனவே தெரிந்த வைரஸ் டி.என்.ஏ. ஒன்று அங்கே இருந்தது; எக்கோ ஆர் ஒன் அதை ஆறாக வெட்டும். ஒரு குழாயில் அதற்கு ஒரு மைக்ரோ என்சைம், இன்னொன்றில் ஐந்து. மூன்றாவது குழாயில் கெட்டுப்போனதாகச் சொன்ன எட்டில் ஒன்றின் டி.என்.ஏ., அதற்கு ஒரு மைக்ரோ. அவன் உதவிக்குக் கை நீட்டியபோது, “தள்ளி நில்லுங்க” என்றாள். தள்ளி நின்றான். சாயங்கால வகுப்பு நேரம் வந்தது, போனது.

விளக்கைப் போட்டபோது சங்கிலியும் சேர்ந்து மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முதல் பாதையில் ஆறு கோடு, நறுக்குத் தெறித்தாற்போல். இரண்டாவதில் அதே ஆறுக்கு இடையிலும் கீழேயும் கண்டபடி கோடுகள். மூன்றாவதில் மூன்றே மூன்று கோடு, சுத்தமாக.

“ஒண்ணும் கலக்கல” என்றாள் ஆரிபா. முதல் பாதையை விரலால் காட்டி, “முத்திருளன், இன்னொண்ணும் பாருங்க. ஒரு மைக்ரோவே முழுசா வெட்டியிருக்கு. அந்த வெக்கையில கெடந்தும் என்சைமுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க எதுவும் செய்யாம, எப்பவும் போல ஒண்ணு விட்டிருந்தா…” என்றாள்.

அவன் அந்த முதல் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆறு கோடும் தெளிவாகத் தெரிந்தன. மறைக்க வேண்டிய குற்றமே அங்கே இருந்திருக்கவில்லை. மறைக்கப் போய்த்தான் பதினெட்டு வெந்தது.

சனிக்கிழமை காலை பேராசிரியர் முன் அவனே சொன்னான். ஆரிபா கூட வந்தாள். அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை. கருத்தக்கண்ணன் முழுவதும் கேட்டுவிட்டு, “பதிவேட்டக் கொண்டா” என்றார்.

கொண்டு வந்தான். அவர் இரண்டு வருடப் பக்கங்களையும் பின்னாலிருந்து முன்னாலாகப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் குண்டு குண்டாக ஒன்று, ஒன்று, ஒன்று.

“இதுல எத்தன ஒண்ணு நெசமாவே ஒண்ணு?”

“அந்த எட்டத் தவிர எல்லாம் ஒண்ணுதான் சார். சத்தியமா.”

“நம்புறேன். பழைய ஜெல் படம் எல்லாம் சுத்தமா இருக்கு, அதனால நம்புறேன். ஆனா படம் இல்லாத விஷயத்துல ஒன் எழுத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “லிஸ்ட்ல ஒம்பேர இந்த வருசம் அனுப்பல. அடுத்த வருசமும் சொல்ல முடியாது. திங்கள்ல இருந்து என்சைம் பெட்டி சாவி ஆரிபாகிட்ட இருக்கட்டும்.”

“சரி சார்.”

“இருபத்திரண்ட வச்சு ஆய்வேட்டுல எழுத முடியுமாம்மா?”

“கஷ்டம் சார். மேற்குப் பக்கம் பூராம் போயிருச்சு. அதுதான் வித்தியாசமா இருந்துச்சு.”

“கெணத்துப் பாசனத்துல யாராவது கடலை போட்டிருப்பாங்க. போய்ப் பாருங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் செக்கானூரணிக்குப் போய் இறங்கினார்கள். சங்கிலி தோளில் மண்வெட்டி. ஆரிபா கையில் பழைய முகவரி நோட்டு. முத்திருளன் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தான். முதல் ஐந்து கொல்லையும் தரிசு. பாளம் பாளமாக வெடித்த மண்ணில் போன வருடக் கட்டைகூட இல்லை. ஆறாவதும் அப்படித்தான். ஏழாவது கருமாத்தூரில், ஒச்சாயி என்கிற அம்மாளுடையது. கிணற்றடியில் அரை ஏக்கர் அளவுக்குப் பச்சை தெரிந்ததும் ஆரிபா ஏறக்குறைய ஓடினாள்.

ஒச்சாயி வரப்பில் கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். “இன்னும் பிஞ்சே எறங்கல, அதுக்குள்ள வந்துட்டீகளா?”

“கடலை வேணாம்மா. வேருதான்.”

“அன்னைக்கும் வேரத்தான பிடுங்கிட்டுப் போனீக. வேர வச்சு என்ன கொழம்பா வைக்கிறீக?”

“ஆமாத்தா,” என்றான் சங்கிலி, “படிச்சவுக வீட்டுல இதான் கறிக்கொழம்பு.”

“போன தடவ கொண்டு போனது என்னாச்சு?”

ஆரிபா செடியருகே குந்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. சங்கிலி மண்வெட்டிக் காம்பைப் பார்த்தான்.

“நான்தான்த்தா வீணாக்கிட்டேன்” என்றான் முத்திருளன்.

ஒச்சாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நீயா? பாத்தா வெவரமான பிள்ளையாட்டம் இருக்க.”

“வெவரம் கூடிப்போச்சுத்தா” என்றான் சங்கிலி.

ஒச்சாயி சிரித்தாள். முத்திருளனுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளையாக யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. இந்த முறை சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை என்பதைக் கவனித்தான். ஆனால் பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆரிபா வேரிலிருந்து ஒரு முடிச்சைக் கிள்ளி நகத்தால் பிளந்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. “உசுரோட இருக்கு” என்று வேரைப் பார்த்தே சொன்னாள். நாலைந்து முடிச்சுகளைக் குழாயில் போட்டு மூடினாள்.

முத்திருளன் பழக்கத்தில் பேனாவை எடுத்து, ஒட்டுத்தாளில் எழுதத் தயாராக நின்றான். எண் ஏழு, கருமாத்தூர், தேதி. ஆரிபா எழுந்து வந்து அவன் விரல்களிலிருந்து பேனாவை வாங்கினாள். குழாயைத் தொடைமேல் வைத்துத் தானே எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு குழாயை மட்டும் அவனிடம் நீட்டினாள்.

“பிடிங்க.”

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இன்னும் பதினோரு கொல்லை பாக்கி இருந்தது. ஒச்சாயி கிழக்கே கைகாட்டி, அங்கே ஒருத்தர் மோட்டார் வைத்து இறைக்கிறார், கடலையா மிளகாயா தெரியாது, போய்ப் பாருங்கள் என்றாள். வெயில் ஏறியிருந்தது. சங்கிலி முனகிக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கினான். ஆரிபா முன்னால் நடந்தாள். முத்திருளன் குழாய் ஆடாமல் பார்த்து வரப்பில் கால் வைத்தான்.